கிராமத்து வறுமையில் பண்பாட்டுக்கு என்ன பங்கு?

ஊர் வழக்கத்தை மீற முடியாமல் செய்யும் செலவு ஒரு குடும்பத்தைக் கடனிலேயே வைத்திருந்தால், அதை வறுமையின் பண்பாட்டுக் காரணம் என்பார்கள். ராஜஸ்தானின் ‘மிருத்யு போஜ்’ அப்படி ஒன்று. வீட்டில் ஒருவர் இறந்தால், பன்னிரண்டாம் நாள் வாக்கில் சாதிசனத்தைக் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும். பூரியும் லட்டும் பரிமாற நிலத்தை அடகு வைத்தவர்கள் உண்டு. 1960-லேயே தடைச் சட்டம் வந்தது, பந்தி நின்றபாடில்லை.

ஏன்? விருந்து வைக்காத வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மழை பொய்த்தால் யார் கைமாற்று தருவார்கள்? வங்கி எட்டாத இடத்தில் சொந்தபந்தம்தான் காப்பீடு. நம்மூர் மொய் மாதிரிதான்: திருப்பிச் செய்யாவிட்டால் அடுத்த விசேஷத்துக்கு ஆள் வராது. (மொய்யிலாவது போட்ட காசு திரும்பி வரும்!)

‘ஆடம்பரத்தால் ஏழையானவர்கள்’ என்று சிலர் நினைப்பது சரியில்லை. பல வீடுகளில் பந்திக்கு முன்பே வறட்சியும் வட்டியும் வந்து உட்கார்ந்திருக்கும்.