300 ஓமும் ஒரு டாங்கிளும்

போன இதழில் ஹெட்போன் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதினாலும் எழுதினேன், இந்த மாதக் கடிதங்களில் பாதி ஆம்ப், டிஏசி என்றே வந்திருக்கின்றன. எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றித் தருவது டிஏசி, அந்த அலைக்குத் தெம்பு கொடுத்து ஹெட்போனை ஓட்டுவது ஆம்ப். இரண்டையும் குட்டியாகச் சேர்த்து போனில் செருகுவது டாங்கிள். ஹெட்போன் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு ஓம். கடையில் ‘டாக்’ என்று கேட்பார்கள், அப்படியே எழுதினால் நாய் நினைவுக்கு வரும் என்பதால் நான் டிஏசி என்றே எழுதுகிறேன்.

கேள்வி: சென்ஹைசர் ஹெச்டி 600 வாங்கிவிட்டேன். போனில் டாங்கிள் செருகிக் கேட்கிறேன். வால்யூமை முழுசாக வைத்தாலும் கச்சேரிப் பதிவுகள் சன்னமாகவே கேட்கின்றன, பேஸும் போதவில்லை. 300 ஓம் ஹெட்போனுக்கு ஆம்ப் தனி, டிஏசி தனியாக வாங்கினால்தான் உண்டு, முப்பதாயிரமாவது ஆகும் என்கிறார் நண்பர். உண்மையா?
– திருச்சி வாசகர்

பதில்: உங்களிடம் இருப்பது இரண்டு குறை. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நண்பர் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

சத்தம் போதவில்லை என்பது நிஜமான குறைதான். இந்த ஹெட்போனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் சத்தம் வரும் என்று கம்பெனியே போட்டிருக்கிறது. சாதா டாங்கிள்களில் நல்லது என்றால் 1 வோல்ட் தரும், சிலது பாதிதான் தரும், பாதி வோல்ட் என்றால் 6 டெசிபல் போச்சு. புதுப் படப்பாட்டு என்றால் இதுவே காதுக்குப் போதும், ஏனென்றால் அதை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே உரப்பாக அழுத்திப் பதிந்திருப்பார்கள். கச்சேரிப் பதிவு அப்படியில்லை. தவிலோ மிருதங்கமோ திடீரென்று அடிக்கும் இடத்துக்கு மேலே இடம் விட்டுப் பதிந்திருப்பதால் ஆலாபனை சன்னமாகத்தான் இருக்கும், வால்யூமை ஏற்ற வேண்டும், உங்கள் டாங்கிளில் ஏற்ற இடமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

எவ்வளவு வேண்டும்? அந்த அடிகள் 110 டெசிபல் வரை போகலாம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம் (அடிகள் மட்டும், பாட்டு முழுவதையும் அந்தச் சத்தத்தில் கேட்டால் அடுத்த கடிதத்தைக் காது டாக்டருக்குத்தான் எழுத வேண்டியிருக்கும்). 97-லிருந்து 13 டெசிபல் ஏற வேண்டும், அதற்கு ஏறக்குறைய நாலரை வோல்ட். 300 ஓமில் அது 67 மில்லிவாட். வாட் கூட இல்லை, மில்லிவாட்!

இங்கேதான் விளம்பரம் ஏமாற்றும். பெட்டியில் ‘1000 மில்லிவாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘32 ஓமில்’ என்று இருக்கும். கணக்குப் போட்டால் அது ஐந்தரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், அதே வோல்ட்டை உங்கள் 300 ஓமில் கொடுத்தால் நூற்றுச் சொச்சம் மில்லிவாட்தான் வரும். உங்களுக்கு அதுவே தாராளம், ஆனால் ஆயிரத்தைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், 300 ஓமுக்கு எதிரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஓம் அதிகம் என்றால் ஓட்டுவது கஷ்டம் என்பதும் பாதிதான் உண்மை. ஹைஃபைமேன் ஹெச்இ-6 என்று ஒரு ஹெட்போன், வெறும் 50 ஓம். ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். அதே 110-ஐத் தொட அதற்கு 450 மில்லிவாட் வேண்டும், உங்களுடையதைப் போல் ஏழு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பீக்கர் ஆம்பில் மாட்டிக் கேட்டவர்களே உண்டு. ஆகவே ஓமோடு சென்சிட்டிவிட்டியையும் (கொடுத்த மின்சாரத்துக்கு எத்தனை டெசிபல் தரும் என்பதையும்) சேர்த்துப் பாருங்கள்.

சரி, என்ன வாங்குவது? 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஓட்டை (வோல்ட் கூடுதலாகத் தரும் வகை) வைத்து 4 வோல்ட் தரும் டாங்கிள்கள் இருக்கின்றன, உங்கள் ஹெட்போனின் கேபிள் கழற்றி மாட்டக்கூடியது, 4.4 பின் வைத்த கேபிள் ஒன்று வாங்கிக்கொண்டால் 109 டெசிபல் வரை போகலாம். மேசையில் வைத்துத்தான் கேட்பீர்கள் என்றால் ஆம்பும் டிஏசியும் ஒரே பெட்டியில் இருப்பது ஒன்று போதும். தனித்தனியாக வாங்குவதில் எனக்குத் தெரிந்த பெரிய லாபம், ஒன்று பழுதானால் மற்றது மிஞ்சும் என்பது.

பேஸுக்கு வருவோம். அடிபேஸ் இந்த ஹெட்போனுக்கே கம்மி, பின்பக்கம் திறந்த வகை, முப்பதாயிரம் என்ன, மூன்று லட்சத்துக்கு ஆம்ப் வாங்கினாலும் அது வராது. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட், எதையாவது போட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4, 5 டெசிபல் தூக்கிப் பாருங்கள். தூக்கிய அளவுக்கு மொத்த வால்யூமைக் குறைத்துவிட வேண்டும், இல்லையென்றால் உச்சத்தில் கரகரக்கும். அப்படிக் குறைப்பதைச் சரிக்கட்டத்தான் ஆம்ப் உதவும், இதைச் சொன்னால் உங்கள் நண்பரும் சமாதானம் ஆகலாம்.

கேள்வி: டிஏசியில் ஈஎஸ்எஸ் சிப் நல்லதா, ஏகேஎம் சிப் நல்லதா? முதலாவது ‘ஷார்ப்’, இரண்டாவது ‘வெல்வெட்’ என்கிறார்களே?
– கோவை வாசகர்

பதில்: வெல்வெட் ஜவுளிக்கடையில் கிடைக்கும். ஈஎஸ்எஸ், ஏகேஎம் இரண்டும் டிஏசிக்குள் இருக்கும் சிப்பைச் செய்யும் கம்பெனிகள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் இருந்த ஏகேஎம் ஆலை தீப்பிடித்தது, சிப் கிடைக்காமல் பல கம்பெனிகள் தங்கள் பெட்டிகளை ஈஎஸ்எஸ்ஸுக்கு மாற்றின. டாப்பிங்கின் டி90 அப்படித்தான் டி90எஸ்இ ஆனது, ஃபியோ கே5 ப்ரோவுக்கும் ஈஎஸ்எஸ் வடிவம் வந்தது. சிப் ஒன்றே குரலைத் தீர்மானிக்கிறது என்றால் அவை வேறு பெட்டிகளாகவே ஆகியிருக்க வேண்டும். சிப்பைச் சுற்றியுள்ள சர்க்யூட் சரியாக இருந்தால் இன்றைய டிஏசிகளின் இரைச்சல் நம் காதுக்கு எட்டாத ஆழத்தில் கிடக்கிறது, சிடி தருவதே உச்சச் சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளிதான்.

நானும் ஒரு காலத்தில் வெல்வெட் கட்சிதான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விலை கூடிய டிஏசியையும் பழைய டாங்கிளையும் ஒரே ஆம்பில் மாட்டி, எது ஓடுகிறது என்று தெரியாமல் தங்கை பையனை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். அதற்கு முன் இரண்டின் சத்தத்தையும் மல்ட்டிமீட்டர் வைத்துச் சமமாக்கினேன், 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு (சாதா மீட்டர் 1000 ஹெர்ட்ஸில் உளறும்). இந்தச் சமமாக்கல் முக்கியம், அரை டெசிபல் கூட இருந்தாலே அது ‘தெளிவாக’ இருப்பதாகத் தோன்றும். பத்துக்கு ஐந்து சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் அதே மார்க்தான். பையன் கேட்ட ஐஸ்கிரீமை வாங்கிக் கொடுத்துவிட்டு, டிஏசியை விற்றுவிட்டேன்.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போனுக்கு எந்த டிஏசி வாங்கலாம்?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: எதுவும் வேண்டாம். அதன் டிஏசியும் ஆம்பும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

கேள்வி: மேசை ஆம்ப் ஒன்று வாங்கினேன். இயர்போனை மாட்டினால் பாட்டு இல்லாதபோதும் ‘ஸ்ஸ்’ என்கிறது. குமிழைத் தொட்டதுமே அலறுகிறது, அதைவிடக் குறைத்தால் இடது காதில் மட்டும் கேட்கிறது. ஆம்ப் பழுதா?
– சேலம் வாசகர்

பதில்: பழுதில்லை, கொசுவுக்குப் பீரங்கி. கெயின் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை மாற்றுவது, அதை ‘லோ’வுக்குத் தள்ளுங்கள். குமிழ் அடியில் இருக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக வராதது இந்த வகைக் குமிழ்களின் பிறவிக்குணம், கெயினைக் குறைத்தால் குமிழை நடுப்பக்கம் வைத்துக் கேட்கலாம், தானே சரியாகும். ‘ஸ்ஸ்’ அப்படியும் போகவில்லை என்றால் அந்த இயர்போனுக்கு டாங்கிளே உத்தமம். ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸையும் (அதாவது ஆம்பின் சொந்த ஓமையும்) பாருங்கள். இயர்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்பது பழைய கணக்கு, அதாவது 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். அதைத் தாண்டினால், முக்கியமாகப் பல டிரைவர் (உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர்) வைத்த இயர்போன்களில், குரலின் சாயலே மாறிவிடும்.

கேள்வி: லேப்டாப்பில் யூஎஸ்பி வழியாக ஆம்ப்-டிஏசி ஓட்டுகிறேன், அதற்குத் தனி பிளக் உண்டு. பின்னணியில் ‘உர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கடைக்காரர் விலை கூடிய யூஎஸ்பி கேபிள் வாங்கச் சொல்கிறார்.
– மதுரை வாசகர்

பதில்: கேபிளுக்குக் காசு கொடுக்கும் முன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். உர்ர்ர் நின்றுவிட்டால் அது எர்த் வழியாகச் சுற்றி வரும் இரைச்சல், லேப்டாப்பும் ஆம்பும் ஆளுக்கொரு எர்த்தில் நின்றுகொண்டு யூஎஸ்பி வழியாகக் கை கோத்திருக்கின்றன. என் மேசையில் இதே உர்ர்ர் இருந்தது, சார்ஜர் ஒரு சுவரில், ஆம்ப் எதிர்ச் சுவரில். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியதும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. உங்களுக்கு அடங்காவிட்டால், லேப்டாப்பிலோ டிவியிலோ ஆப்டிகல் ஓட்டை இருந்தால் அந்த வழியில் இணையுங்கள், கண்ணாடி நாரிலும் பிளாஸ்டிக் நாரிலும் வெளிச்சம்தான் போகும், எர்த் போகாது. இன்னொரு வழி யூஎஸ்பி ஐசொலேட்டர், நடுவில் மாட்டி எர்த் தொடர்பை வெட்டும் குட்டிப் பெட்டி, மலிவானவற்றில் வேகம் குறைவு, உங்கள் டிஏசி அதில் ஓடுமா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

யாராவது பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள், சத்தம் நிற்கும், ஷாக் அடிக்கும். வேறு வழி அமையும்வரை சார்ஜரைக் கழற்றிவிட்டே கேளுங்கள், பேட்டரி நன்றாக இருந்தால் ஒரு முழுக் கச்சேரி தாங்கும்.