குத்து பெரிதா, பிடி பெரிதா?

கேள்வி: ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரரின் ஒரே குத்தில் எம்எம்ஏவில் (குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) ஆடும் எந்த மல்யுத்தக்காரரும் சுருண்டுவிடுவார் என்கிறான் என் தம்பி. உண்மையா?

பதில்: குத்து விழுந்தால் உண்மைதான். 2009-இல் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் ரே மெர்சர், யுஎஃப்சி என்ற எம்எம்ஏ அமைப்பின் முன்னாள் சாம்பியன் டிம் சில்வியாவைப் பத்து விநாடிக்குள் சாய்த்தார். ஆனால் சில்வியா நின்று அடித்துக்கொள்ளும் ரகம்.

2010-இல் பாஸ்டனில் நடந்ததைத் தம்பி பார்க்க வேண்டும். குத்துச்சண்டையில் பல எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஜேம்ஸ் டோனியின் எதிரே, மல்யுத்தத்திலிருந்து எம்எம்ஏவுக்கு வந்த ராண்டி கூட்டூர். மணி அடித்த சில நொடிகளில் கூட்டூர் குனிந்து, டோனியின் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். டோனி மல்லாந்தார். கூட்டூர் மேலே ஏறி உட்கார்ந்து, கழுத்தையும் கையையும் சேர்த்து நெரிக்க, முதல் சுற்றிலேயே டோனி தோல்வியை ஒப்புக்கொண்டார். எனக்கு மிகப் பிடித்த கைகள் டோனியுடையவை. அவை அன்று எதற்கும் பயன்படவில்லை.

காரணம் எளிது. குத்தின் வலு பாதம் தரையை உந்துவதிலும் இடுப்பு திரும்புவதிலும் பிறக்கிறது. முதுகு தரையில் பட்டபின் இரண்டும் இல்லை. குத்துச்சண்டையில் கட்டிப்பிடித்தால் நடுவர் பிரித்துவிடுவார். இங்கே சண்டையே அதில்தான் தொடங்குகிறது.

அதற்காக வாய்ப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஹெவிவெயிட் அல்ல என்றாலும், ஹோலி ஹோம் குத்துச்சண்டையிலிருந்து வந்தவர்தான். 2015-இல் ஜூடோ வீராங்கனை ரோண்டா ரௌசியை நெருங்கவிடாமல் குத்தியே களைக்கவைத்து, கடைசியில் தலையில் ஓர் உதை விட்டு வீழ்த்தினார். அதற்குமுன் சில ஆண்டுகள் எம்எம்ஏ போட்டிகளில் ஆடியிருந்தார். காலைப் பிடிக்க வருபவரைத் தடுக்கவும், விழுந்தால் எழவும் பொறுமையாகப் பழகும் ஹெவிவெயிட் மீது நான் தயங்காமல் நம்பிக்கை வைப்பேன்.