அப்பச்சி சொல்வது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 78. நுரையீரல் புற்றுநோய் முற்றிவிட்டது. தேவகோட்டை வீட்டில்தான் இருக்கிறார், நினைவு தெளிவு. "மூச்சு முட்டுனா மெஷின் வைக்காதீங்க, வளவுலயே போக விடுங்க" என்கிறார். வளவு என்றால் எங்கள் வீட்டு உள்முற்றம். வலி தாங்காத இரவுகளில் "ஒரு ஊசியப் போட்டு அனுப்பிவிடச் சொல்லு" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பியோ, மெஷின் வைக்காமல் விட்டால் அதுவும், முதியவரை வீட்டாரே சாகடிக்கும் தலைக்கூத்தலும் ஒன்றுதான் என்று சண்டை பிடிக்கிறான். என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பச்சி கேட்பது இரண்டு விஷயங்கள். ஊசி போட்டு உயிரை எடுப்பது நம் நாட்டில் குற்றம். நோயாளியே கெஞ்சினாலும் டாக்டர் செய்ய முடியாது. மெஷின் வேண்டாம் என்பது வேறு. கண்ணியமாகச் சாவதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புத்தி தெளிவாக உள்ளவர் சிகிச்சையை மறுக்கலாம்.

என் ஆயாவைக் காரைக்குடியிலிருந்து மதுரைக்குத் தூக்கிப்போய் ஐசியுவில் சேர்த்தோம். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பார்க்கப் பத்து நிமிஷம் விட்டார்கள். மணிக்கட்டில் முடிச்சு இறுகி, தோல் கன்றியிருந்தது. என் கையைப் பிடிக்க விரல்களை மட்டும் மடக்கி மடக்கி நீட்டினார். இதெல்லாம் வேண்டுமா என்று அவரிடம் யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றுவரை அது என்னை விடவில்லை.

உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று கேள்விப்படுகிறோமே, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து, அங்கே முடிவெடுப்பது வீட்டார். படுத்திருப்பவரை யார் கேட்டார்கள்? உங்கள் வீட்டில் சொல்வது அப்பச்சியே.

அதனால் அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். முன்பு அதற்கு மாஜிஸ்ட்ரேட்டின் மேலொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும். அவருக்குப் பேச்சு நின்றால் யார் முடிவு சொல்வது என்றும் அதில் எழுத வேண்டும். உங்கள் பெயரோடு தம்பி பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பிரதி ஒன்று உங்கள் குடும்ப டாக்டரிடம் இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே வைத்த மெஷினை எடுப்பதென்றால் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும், அது தனி நடைமுறை.

ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டியது வேறு. ஊசி கேட்பது அப்பச்சி இல்லை, அவருடைய வலி என்றே நினைக்கிறேன். வலி தணிப்பு சிகிச்சை தெரிந்த டாக்டரிடம் மார்ஃபின் பற்றிக் கேளுங்கள். வலியோடு மூச்சுத் திணறலையும் தணிக்கும். போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் கிடைக்காமல் இருந்ததை 2014 திருத்தம் எளிதாக்கியது. பழக்கமாகிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

அப்புறம், வலி அடங்கிய ஒரு காலையில் அவரை வளவில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, தம்பியை வீடியோவில் கூப்பிடுங்கள். அப்பச்சியே அவனிடம் சொல்லட்டும். நீங்கள் நடுவில் பேசாதீர்கள்.