பச்சைக் கட்டங்களை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடி. எச்.என்.டி.ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா) முடித்து வேலை தேடுகிறேன். எல்லா இடத்திலும் கிட்ஹப் (எழுதிய புரோகிராம்களை ஏற்றி வைக்கும் இணையத்தளம்) முகவரி கேட்கிறார்கள். நான்கு மாதம் புரோகிராம் எழுதியும் என் பக்கத்தில், வேலை செய்த நாட்களைக் காட்டும் பச்சைக் கட்டங்களே இல்லை. 25,000 ரூபா தந்தால் கட்டங்களை நிரப்பி ஐந்து புரொஜெக்டும் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். சொந்தமாகச் செய்தது மாமாவின் அரிசி ஆலைக்கு எழுதிய நெல் மூடைக் கணக்கு மென்பொருள் மட்டும்தான். அதைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது. காசைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. இதே கதையோடு கல்முனையிலிருந்தும் செங்கலடியிலிருந்தும் பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள், காசு போன பிறகு.

அவர் செய்யப்போவது இவ்வளவுதான். கிட் என்பது புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள், அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். ஒரு கமிட்டின் திகதியை நாமே விரும்பியபடி எழுதலாம். சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் மூன்று வருஷம் பச்சையாகிவிடும். நேர்முகத் தேர்வு நடத்துபவர் ஒரு நாளைத் திறந்து பார்த்தால், ஒரே பைலில் ஒரு புள்ளி கூட்டியதும் குறைத்ததும்தான் உள்ளே இருக்கும். கணக்கு எந்த மாதம் திறக்கப்பட்டது என்பதும் உங்கள் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அந்த ஐந்து புரொஜெக்டும் உங்களுக்கென்று செய்தவை அல்ல. இரண்டு பிள்ளைகள் காட்டிய பக்கங்களில் ஒரே நூலக மென்பொருளைப் பார்த்தேன், எழுத்துப்பிழைகூட ஒன்றுதான். இதற்கெல்லாம் உங்கள் கடவுச்சொல்லையும் கேட்பார். ஒரு கணக்கை ஒருவர்தான் பாவிக்கலாம் என்பது கிட்ஹப்பின் விதி. கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு கணக்கு உங்கள் கையில் இல்லை.

சரி, உங்கள் நான்கு மாத வேலை எங்கே போனது? கமிட்டில் பதிவாகும் மின்னஞ்சலை வைத்துத்தான் அது யாருடையது என்று கிட்ஹப் கண்டுபிடிக்கிறது. உங்கள் கணினியில் கிட்டுக்குக் கொடுத்த மின்னஞ்சலும் கிட்ஹப் கணக்கில் உள்ளதும் வேறாக இருந்தால் கட்டம் வராது. அந்த மின்னஞ்சலைக் கணக்கில் சேர்த்து உறுதிப்படுத்துங்கள், பழைய கமிட்டுகளும் உங்கள் பெயருக்கு வந்துவிடும். வகுப்புக் கணினியில் வேலை செய்திருந்தால் இன்னொரு பிள்ளையின் மின்னஞ்சல் அதில் கிடந்திருக்கலாம். அப்படியென்றால் உங்கள் உழைப்பு அவருடைய பக்கத்தில் பச்சையாக நிற்கும். இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டாமா? நான் பரிசோதகராகப் போன ஒரு நிலையத்தில் இறுதிப் புரொஜெக்டைச் சீடியில் எழுதி, அறிக்கையைக் கட்டிக் கொண்டுவரச் சொல்கிறார்கள். கிட் என்ற சொல்லே பாடத்தில் இல்லை. வேலை தருகிறவர்களோ கிட்ஹப் கேட்கிறார்கள். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் இந்தத் தரகர்கள் கடை போடுகிறார்கள்.

பக்கத்தின் மேலே ஆறு புரொஜெக்ட் வரை எடுப்பாகத் தெரியும்படி பின் (pin) செய்து வைக்கலாம். ஆறையும் நிரப்ப வேண்டாம். உங்களுக்கு ஆலைக் கணக்கு ஒன்றே போதும். ஈர நெல்லுக்கு எவ்வளவு கழிவு, யாருக்கு எத்தனை மூடை பாக்கி என்று உண்மையான ஓர் ஆளின் தொல்லையைத் தீர்த்த வேலை அது. புரொஜெக்டின் அறிமுகமான ரீட்மி பைலில் எளிய ஆங்கிலத்தில் நாலு விஷயம் எழுதுங்கள்: யாருக்காகச் செய்தது, என்ன செய்யும், எப்படி ஓட்டுவது, இன்னும் எது சரியாக வேலை செய்யவில்லை. இரண்டு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். பிஎச்பி மொழியில் எழுதியிருந்தால் கிட்ஹப் பேஜஸ் என்ற அதன் இணையப்பக்க வசதியில் ஓடாது, ஒரு சின்ன வீடியோ எடுத்து இணைப்பைக் கொடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் மிகக் கவனம். ஆலைக் கணக்கின் ரெப்போவை (புரொஜெக்டின் பைல்களும் கமிட்டுகளும் இருக்கும் இடம்) இப்போது பிரைவேட்டாக வைத்திருந்தால் அப்படியே பப்ளிக் ஆக்காதீர்கள். ஆக்கினால் பழைய கமிட்டுகள் அத்தனையும் சேர்ந்து வெளியே வரும். டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்த பைலை நேற்று அழித்திருப்பீர்கள். முந்தைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். நெல் கொண்டுவந்தவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். பைலை அழிப்பது போதாது. கடவுச்சொல்லையே மாற்றுங்கள். பிறகு புதிய ரெப்போ ஒன்று திறந்து, பொய்ப் பெயர்களும் பொய் இலக்கங்களும் போட்ட பிரதியை அதில் ஏற்றுங்கள். பழையது பிரைவேட்டாகவே இருக்கட்டும். பிரைவேட் வேலைகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டும் தெரிவு அமைப்புகளில் இருக்கிறது, அதைப் போட்டால் உங்கள் நான்கு மாதமும் பச்சையாகவே தெரியும், உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது.

புதியதை ஏற்ற முன்னர் மாமாவிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். கணக்கு அவருடைய ஆலையுடையது.