அவிநாசியில் இருந்து சரவணம்பட்டிக்கு: மின்சாரக் காரா, பெட்ரோல் காரா?

கேள்வி: ஐயா, வணக்கம். அவிநாசியில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. நாள்தோறும் போக வர எழுபது கிலோமீட்டர் ஆகிறது. சோமனூரில் மாமனார் வீடு, காங்கயம் பக்கம் குலதெய்வக் கோயில் என்று வார இறுதியில் போவதையும் சேர்த்தால் மாதம் 1,800 கிலோமீட்டர் வருகிறது. 2013ஆம் ஆண்டு வாங்கிய சிறிய காரை மாற்ற நினைக்கிறேன். பெட்ரோல் கார் ஆன்ரோடு 11,25,000 ரூபாய், ஏறக்குறைய அதே அளவுள்ள மின்சாரக் கார் 14,25,000 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். கையில் ஆறு லட்சம் இருக்கிறது. மீதிக்கு 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் வாங்க வேண்டும். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் 1,20,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார்களாம். மின்சாரக் கார் வைத்திருக்கும் நண்பர்கள் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் ஆகிறது என்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஓடுகிறது. குன்னத்தூர் பக்கம் அப்பாவின் தோட்டத்தில் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் இருப்பதால் அங்கே சார்ஜ் செய்துகொள்ளலாமா? மாமனாரின் விசைத்தறி நிறுவனத்தின் பேரில் வாங்கினால் வரி மிச்சம் என்று மச்சினர் சொல்வது சரியா? எது லாபம் என்று கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

பதில்: மாதம் 1,800 கிலோமீட்டர் என்பது தொடர்ந்து ஓடப்போகும் தூரம் என்றால், வண்டியைக் குறைந்தது ஆறு ஆண்டுகளாவது வைத்துக்கொள்வீர்கள் என்றால், மின்சாரக் காரே உங்களுக்கு லாபம். ஆனால் அந்த லாபம் நண்பர்கள் சொல்லும் அளவுக்குப் பெரியது அன்று. ஐந்தாண்டு முடிவில் ஒன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஓட்டம் பாதியாகக் குறைந்தால் அந்த லாபமும் நிற்காது.

முதலில் அந்த ஒரு ரூபாய்க் கணக்கைப் பார்த்துவிடுவோம். காரின் திரையில் காட்டும் அளவை விட, வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட் எப்போதும் அதிகமாகவே இருக்கும். சார்ஜ் ஏறும்போது பத்து, பதினைந்து சதவீதம் வெப்பமாக வீணாகிறது. ஏசி போட்டு அவிநாசி ரோட்டில் போக வருகிறவருக்கு மீட்டர் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைப்பதே நியாயம். அப்படியானால் இரண்டு மாதத்தின் 3,600 கிலோமீட்டருக்கு 600 யூனிட் வேண்டும். இந்த 600 யூனிட்டை வீட்டின் சராசரிக் கட்டணத்தால் பெருக்குவதில்தான் பலருடைய கணக்கும் தவறிப்போகிறது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. உங்கள் மின்விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் கீழ்ப்படிகளை ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டதால், புதிதாக வரும் கார் மேல்படியில்தான் உட்காரும். 2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட கட்டணப்படி, 401 முதல் 500 வரை யூனிட்டுக்குச் சுமார் ஆறேகால் ரூபாய், 501 முதல் 600 வரை எட்டரை, 601 முதல் 800 வரை ஒன்பதரை, 801 முதல் 1,000 வரை பத்தரை, அதற்கு மேல் பதினொன்றரை என்று போகிறது. உங்கள் 420 யூனிட் 1,020 ஆகும்போது, கூடும் 600 யூனிட்டுக்கு மட்டும் 5,580 ரூபாய் ஆகிறது. இதோடு, 500 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரை பாதிக் கட்டணம் என்ற சலுகையையும் இழப்பீர்கள். அது இன்னொரு 235 ரூபாய். முதல் நூறு யூனிட் இலவசம் என்பது மட்டும் அப்படியே இருக்கும். ஆக இரண்டு மாதத்துக்குச் சுமார் 5,800 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் அறுபது பைசா. இரண்டு மாதத்துக்கு இருநூறு யூனிட்டே ஓடும் வீட்டில் குறைந்த தூரம் ஓட்டுகிற நண்பருக்கு ஒரு ரூபாயை ஒட்டி வருவது உண்மையாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது.

ஆண்டுக்கு வீட்டுச் சார்ஜ் 34,800 ரூபாய் ஆகிறது. நெடுந்தூரப் பயணங்களில் வழியில் உள்ள விரைவுச் சார்ஜர்களில் யூனிட் இருபது ரூபாயைச் சுற்றி இருப்பதால் அதற்கும் கொஞ்சம் சேர்த்து 38,000 என்று வைப்போம். பெட்ரோல் காருக்கு லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர், லிட்டர் 102 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுக்கு 1,57,400 ரூபாய். எரிபொருளில் மட்டும் ஆண்டுக்கு 1,19,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். இந்தத் தொகையைக் குறைத்து மதிப்பிட எனக்கு எண்ணமில்லை.

தோட்டத்து மின்சாரம் வேண்டவே வேண்டாம். பம்ப்செட்டுக்காகக் கொடுத்த இணைப்பில் காரைச் சார்ஜ் செய்வது, 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியில்லாத பயன்பாடு. கண்டுபிடித்தால் உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடுவார்கள்; எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிடவும் சட்டம் இடம் தருகிறது. இலவச இணைப்புக்கே ஆபத்து வந்தால் நட்டம் அப்பாவின் வெள்ளாமைக்கு. மின்கட்டணத்துக்காகப் போராடிய உழவர்கள் 1970இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட பெருமாநல்லூர், உங்கள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆண்டுக்குச் சில ஆயிரம் மிச்சம் பிடிக்க அந்த இணைப்பைத் தொடாதீர்கள். தோட்டத்து வீட்டுக்குத் தனி வீட்டு இணைப்பு இருந்தால், போன இடத்தில் அதில் சார்ஜ் போடுவதில் தவறில்லை.

அடுத்து, வாங்கும் விலை. உங்கள் பெட்ரோல் கொட்டேஷனில் வண்டியின் விலை 9,50,000 ரூபாய், அதற்கு 13 சதவீத ஆயுள் வரி 1,23,500 ரூபாய், மீதி காப்பீடும் இதர செலவும். 2023 நவம்பர் முதல் நம் மாநிலத்தில் ஐந்து லட்சம் வரையிலான காருக்கு 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று வரி இருக்கிறது. ஷோரூமில் அடுத்த வேரியண்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசை காட்டி 10,40,000 ரூபாய் வண்டிக்கு ஏற்றிவிட்டால் வரி மட்டும் 1,87,200 ஆகிவிடும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

மின்சாரக் கார் கொட்டேஷனில் 13,60,000 ரூபாய் விலைக்குச் சாலை வரி பூஜ்யம் என்று போட்டிருப்பார்கள். இந்த விலக்கு அரசாணையால், காலவரம்பு வைத்துத் தரப்படுவது. 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கையில் 2025 டிசம்பர் 31 வரை என்றுதான் இருந்தது. ஆகவே முன்பணம் கட்டும் நாளைப் பார்க்காமல், வண்டி பதிவாகும் நாளில் விலக்கு நடப்பில் இருக்கிறதா என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு, டெலிவரி தள்ளிப்போய் வரி வந்தால் யார் கட்டுவது என்பதையும் டீலரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலக்கு இல்லையென்றால் 18 சதவீதம், அதாவது 2,44,800 ரூபாய் கூடும். அப்போது போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால் என் பதிலே மாறிவிடும். மத்திய அரசு மானியம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சொந்தக் கார்களுக்கு மானியம் கிடையாது. மின்வாகனக் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு தந்த வருமான வரிச் சட்டத்தின் 80 இ.இ.பி. பிரிவும், 2023 மார்ச் 31க்குள் ஒப்புதலான கடன்களோடு முடிந்துவிட்டது. விற்பனையாளர்கள் சிலர் இன்னும் அதைச் சொல்லித்தான் வியாபாரம் செய்கிறார்கள்.

வீட்டில் சார்ஜ் போட 7 கிலோவாட் சார்ஜர் பெட்டி வேண்டும் என்பார்கள். உங்களுக்குத் தேவையில்லை. எழுபது கிலோமீட்டருக்கு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட் போதும். 15 ஆம்பியர் பிளக்கில், 3.3 கிலோவாட் சார்ஜரில் நான்கு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். மீட்டரில் இருந்து தனி ஒயர், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல எர்த் போட 25,000 ரூபாய் ஒதுக்குங்கள். அனுமதிக்கப்பட்ட மின்பளு போதாவிட்டால் மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்தால் இரண்டு வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் 3,25,000 ரூபாய்.

காப்பீட்டில் ஒரு முரண் இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்வாகனத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி என்பது உண்மை. ஆனால் 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணைப்படி, 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள பெட்ரோல் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய்; 65 கிலோவாட்டுக்கு மேற்பட்ட மோட்டார் உள்ள மின்சாரக் காருக்குத் தள்ளுபடி போக 6,712 ரூபாய். இன்றைய மின்சாரக் கார்களில் பல அந்த 65ஐத் தாண்டியவை. வண்டியின் மதிப்பும் கூடுதல் என்பதால் சொந்தச் சேதக் காப்பீடும் ஏறும். ஆண்டுக்கு 8,000 ரூபாய் அதிகம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆயில், பில்டர், கிளட்ச் இல்லாததால் சர்வீஸில் மிச்சம் உண்டு. எடை கூடிய வண்டி டயரைச் சீக்கிரம் தின்பதைக் கழித்தால் நிகரமாக 3,000 ரூபாய்க்கு மேல் நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

இப்போது கூட்டினால், ஆண்டுக்கு நிகர மிச்சம் சுமார் 1,14,000 ரூபாய். கூடுதலாகப் போடும் 3,25,000 ரூபாய் முழுவதும் கடனில்தான் வருகிறது. அதற்கான தவணை மாதம் சுமார் 6,750 ரூபாய், ஐந்தாண்டில் வட்டி மட்டும் 80,000 ரூபாய். ஆக, கூடுதல் செலவு 4,05,000. மறுவிற்பனையில் நான் கடுமையாகவே கணக்கிடுகிறேன்: பெட்ரோல் கார் ஐந்தாண்டு கழித்து ஷோரூம் விலையில் பாதிக்கும், மின்சாரக் கார் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டியும் போகும் என்று வைத்தால், இரண்டும் நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி நிற்கும். அதாவது நீங்கள் கூடுதலாகப் போட்ட பணத்தில் ஒரு ரூபாயும் திரும்பி வராது என்று கொண்டுதான் பேசுகிறேன். அப்படியும் மூன்றரை ஆண்டில் போட்ட பணம் தேறிவிடுகிறது. ஐந்தாண்டு முடிவில் 1,65,000 ரூபாய் உங்கள் பக்கம் நிற்கிறது.

உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் நிறுவனம் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னால், அல்லது நீங்களே கோவைக்குக் குடிமாறினால் என்ன ஆகும்? ஓட்டம் மாதம் 900 கிலோமீட்டராகக் குறைந்தால் ஆண்டு மிச்சம் 55,000 ரூபாய்க்கு இறங்கி, போட்ட பணம் தேற ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்குத் தரும் உத்தரவாதமே 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். அந்த எல்லைக்கு அருகே வந்து அசலை எடுப்பதற்காக இன்றைக்கு மூன்றே கால் லட்சம் கூடுதல் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த நிலையில் பெட்ரோல் காரே வாங்குங்கள். ஆகவே அலுவலக நிலவரத்தை மேலாளரிடம் ஒருமுறை தெளிவாகக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். 1,800 கிலோமீட்டர் நிலையாக ஓடினாலும் ஆண்டுக்கு 21,600 என்ற கணக்கில் ஏழரை ஆண்டில் அந்த 1,60,000 வந்துவிடும். எட்டாம் ஆண்டு வரை வைத்திருந்து விற்கலாம் என்று திட்டம் போடாமல், அதற்கு ஓர் ஆண்டு முன்னதாகவே விற்பது நல்லது.

கூரையில் சோலார் வைப்பது உங்கள் வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும், ஏனெனில் அது கழிப்பது மேல்படி யூனிட்டுகளை. 3 கிலோவாட் அமைப்பு நாளைக்குச் சராசரி பன்னிரண்டு யூனிட் தரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் காற்றும் வரும் நாட்களில் குறையும், மாசி பங்குனியில் அதை ஈடுகட்டிவிடும். காருக்கு வேண்டியது ஏறக்குறைய அதே அளவு. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் கார்க் கடனையும் சோலார் கடனையும் ஒன்றாக இழுத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஆண்டு மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு, போனஸ் பணத்தில் அதைச் செய்யலாம்.

மச்சினர் சொல்வதில் பாதி உண்மை. தொழிலுக்குப் பயன்படும் சாதாரணக் காருக்கு, வருமானத்தில் செலவாகக் கழிக்கும் ஆண்டுத் தேய்மானம் 15 சதவீதம், மின்வாகனத்துக்கு 40 சதவீதம் என்பது வருமான வரி விதிகளில் உள்ளதுதான். ஆனால் அந்தச் சலுகை வண்டி அந்தத் தொழிலுக்காக ஓடும்போது மட்டுமே. நீங்கள் சரவணம்பட்டியில் சம்பளத்துக்குப் போகும் காரைச் சோமனூர்த் தறிக்கான செலவு என்று காட்டினால், கணக்குக் கேட்கும் நாளில் மாமனார்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்டிய ஜிஎஸ்டியையும் இந்த வகைக் கார்களுக்கு உள்ளீட்டு வரவாக எடுக்க, அதாவது தொழில் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, முடியாது. உங்கள் பேரிலேயே வாங்குங்கள்.

பழைய காரை ஊட்டிக்கும் சென்னைக்கும் போக வைத்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் பலருக்கு வருவதால் அதையும் சொல்கிறேன். 1,20,000 ரூபாயைக் கடனில் கழித்தால் ஐந்தாண்டில் 29,000 ரூபாய்க்கு மேல் வட்டி மிச்சம். வைத்துக்கொண்டால் ஆண்டுதோறும் காப்பீடு, பேட்டரி, டயர் என்று செலவு நிற்காது. பதிவுச் சான்று பதினைந்து ஆண்டு என்பதால் 2028இல் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிக்கவும் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் விலையை ஏற்கும் முன் பழைய கார் வியாபாரிகள் இருவரிடம் விசாரித்துவிட்டு, கூட எவ்வளவு தருகிறார்கள் என்று பார்த்து விற்றுவிடுங்கள். ஆண்டில் ஓரிரு நெடும்பயணத்துக்கு வாடகைக் கார் எடுப்பது அதைவிட மலிவாகவே முடியும்.