மீனில் பாதரசம்: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமேசான் ஆற்றங்கரைப் பெண்கள் நாள்தோறும் மீன் சாப்பிட்டாலும், செலினியம் என்ற தாதுச்சத்து அவர்களைப் பாதரசத்திலிருந்து காப்பதாகப் படித்தேன். எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் மீன்தான். குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம். நான் செலினியம் மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: மாத்திரை வேண்டாம், மீனை மாற்றுங்கள்.

நீங்கள் சொல்வது, அமேசானில் கலக்கும் பிரேசிலின் தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் நடந்த ஆய்வுகளுடன் பொருந்துகிறது. அங்கே தங்கச் சுரங்கங்களிலிருந்தும், காட்டை அழித்ததால் அரித்துவரும் மண்ணிலிருந்தும் பாதரசம் ஆற்றில் சேர்கிறது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை, உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக்குகின்றன. சிறுமீனைப் பெருமீன் தின்னத் தின்ன அது பெருகுகிறது. அதே மக்கள் பிரேசில் கொட்டையும் சாப்பிடுவதால் பலருக்கு ரத்தத்தில் செலினியம் மிக அதிகம். அப்படிப்பட்டவர்கள் உடல் இயக்கச் சோதனைகளை நன்றாகச் செய்தார்கள், கண்புரையும் குறைவாக இருந்தது.

மூளையைக் காக்கும் சில நொதிகள் செலினியத்தை வைத்தே இயங்குகின்றன. மெத்தில் பாதரசம் அந்தச் செலினியத்தைப் பற்றிக்கொண்டு நொதிகளை முடக்குகிறது. உடலில் செலினியம் போதிய அளவு இருந்தால் இழப்பை ஓரளவு ஈடுகட்டலாம். ஆனால் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டுவதை அது தடுத்துவிடாது. தொப்புள்கொடி ரத்தத்தில் பாதரசம் பொதுவாகத் தாயின் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். உங்களுக்கு முக்கியமானது இதுதான்.

கர்ப்பிணிக்கு நாளுக்கு 60 மைக்ரோகிராம் செலினியம் போதும். மீனும் முட்டையும் கோழியும் சாப்பிடுகிறவருக்கு அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். ஒரே ஒரு பிரேசில் கொட்டையில் இதைவிட அதிகம் இருக்கலாம், கொட்டைக்குக் கொட்டை அளவும் மாறும். நாளுக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டி நெடுநாள் எடுத்தால் முடி கொட்டும், நகம் உடையும்.

இனி மீன் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு 2003-ல் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 96 மைக்ரோகிராம். கிராமுக்கு 0.5 மைக்ரோகிராம் உள்ள பெரிய மீன் என்றால் சுமார் 190 கிராமிலேயே அது தீர்ந்துவிடும். 0.05 உள்ள சிறுமீன் என்றால் 1.9 கிலோ வரை தாங்கும். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மத்தி, நெத்திலி, கெம்புங் (கானாங்கெளுத்தி), செலார் (சிறு பாரை வகை) வாங்குங்கள். சுறா, வாள்மீன், பெருங்கண் சூரை வேண்டாம். பெரிய வஞ்சிரம் வாரத்துக்கு ஒரு துண்டோடு போதும். ரத்தத்தில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 50 நாள் ஆகும். கருத்தரித்த பிறகு நிறுத்தினால் தாமதம், இப்போதே தொடங்குங்கள்.

கேள்வி: புளியும் மஞ்சளும் போட்டுக் கொதிக்க வைத்தால் பாதரசம் போய்விடுமா? (வாசகி, செங்காங்)

பதில்: போகாது. அது கொழுப்பில் இல்லை, தசையின் புரதத்தோடு பிணைந்திருக்கிறது. தோலை உரித்தாலும் பொரித்தாலும் அப்படியே இருக்கும். கருவாட்டில் நீர் வற்றுவதால் கிராமுக்குக் கணக்கிட்டால் கூடும்.

கேள்வி: பிரசவத்துக்குப் பின் பால் ஊற, அம்மா பால்சுறா புட்டு செய்து தருகிறார். சாப்பிடலாமா? (வாசகி, தெம்பனிஸ்)

பதில்: தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குச் செல்லும் மெத்தில் பாதரசம், கருவில் சென்றதைவிட மிகக் குறைவு. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பயந்து பாலை நிறுத்திவிடாதீர்கள். பால்சுறா சிறிய வகைதான், பெருஞ்சுறா அளவுக்குச் சேராது. ஆனாலும் அது வேட்டை மீன், தினமும் வேண்டாம். பால் ஊறுவது குழந்தை அடிக்கடி சப்புவதால்தான். புட்டின் ருசிதான் வேண்டுமென்றால், பண்ணையில் வளர்த்த சிறிய கொடுவா மீனை மஞ்சளோடு வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் நிறையப் போட்டு வதக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எந்தப் பரிசோதனை செய்யலாம்? (வாசகி, ஜூரோங்)

பதில்: ரத்தம் அல்லது தலைமுடி. மெத்தில் பாதரசம் பெரும்பாலும் மலத்தோடு வெளியேறுவதால் சிறுநீர்ப் பரிசோதனை இதைக் காட்டாது. முடியைப் பின்தலையில், தோலை ஒட்டி வெட்ட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய ஒரு மாதத்தைக் காட்டும். முடியைச் சுருட்டையாக்கும் ரசாயனச் சிகிச்சை (பெர்ம்) செய்திருந்தால் அளவு குறைத்துக் காட்டக்கூடும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.