சிறுவர்களும் ஆண்களும் மட்டுமே பாடும் தேவாலயப் பாடகர் குழு இன்றும் எப்படி நீடிக்கிறது?

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். 15-ஆம் நூற்றாண்டில் ஆறாம் ஹென்றி மன்னர் வகுத்த கணக்குப்படி, இன்றும் அங்கே 16 சிறுவர்கள் பாடுகிறார்கள். சிறுவர்களின் உச்சக் குரலுக்குக் கீழே வரும் ஆல்டோ, டெனர், பேஸ் குரல்கள் கல்லூரி மாணவர்களுடையவை.

பெரிய சவால், பையன்களின் குரல் உடைவதுதான். ஏழெட்டு வயதில் சேர்பவன் நன்றாகத் தேறி நிற்கும்போது, 13 வயதை ஒட்டி அந்தக் குரல் போய்விடும். அதனால் ஆண்டுதோறும் சிலர் விலக, சிலர் தயாராக வேண்டும். புதியவன் மூத்தவன் பக்கத்தில் நின்றுதான் எங்கே மூச்சு விடுவது, எப்போது இசை நடத்துநரைப் பார்ப்பது என்றெல்லாம் பழகுகிறான். எந்தப் புத்தகமும் இதைக் கற்றுத்தராது. 1918 முதல் நடக்கும் கிறிஸ்துமஸ் முன்தினத் தொழுகையில் தொடக்கப் பாடலின் முதல் சரணத்தைத் தனியாகப் பாடப்போவது யார் என்பதைத் தொடங்கும் நொடியில்தான் நடத்துநர் சைகையால் காட்டுவார். பலரைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தால்தானே அது முடியும்!

அப்புறம் பணம். கிங்ஸ் கல்லூரியில் தனிப் பள்ளியும் கட்டணச் சலுகையும் உண்டு. அறக்கட்டளை நிதி இல்லாத சிறிய தேவாலயங்கள்தான் திணறுகின்றன.

சிறுமிகளைச் சேர்க்கலாமா? இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயம் 1991-இல் அவர்களுக்குத் தனிக் குழு தொடங்கியது. கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 2022-இல் ஒரே குழுவில் சேர்த்துக்கொண்டது. எனக்குச் சரி என்று படுவது சாலிஸ்பரி வழி: பையன்களின் மரபும் தொடரும், சிறுமிகளுக்கும் சமமான பயிற்சி கிடைக்கும்.